பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். எனக்கு மேனுவல்தான் பிடிக்கும். எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டை நெரிசலில் கிளட்ச் மிதித்து மாளாது, ஆட்டோமேட்டிக் போதும் என்றார் கணவர். புரோக்கரும், "ஆட்டோமேட்டிக் தன்னெ எடுங்க சேச்சி" என்று ஒரே பிடியாக நின்றார். பக்கத்தில் நின்ற மேனுவலைக் காட்டவே இல்லை. எனக்கு உறுத்தியது.

இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் வண்டி இன்ஜின் ஓட, ஏசியோடு நின்றது. "உங்களுக்கு வேர்க்கக் கூடாதல்லோ?" என்றார். ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

முன்பணம் கொடுக்க வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். அது ராகுகாலம். அதனால் பழவங்காடி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பத்து மணிக்கே போய் நின்றோம். புரோக்கரின் முகம் மாறியது.

"கொஞ்சம் சூடாகட்டும் சேச்சி, பின்னே எடுக்கலாம்."

கேட்காமல் நானே ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். சில நொடிகள் வண்டி அசையவே இல்லை. பிறகு தட்டென்று உதைத்துப் பாய்ந்தது. ரிவர்ஸிலும் அதே உதை.

"நேத்து மழையல்லே, அதான்" என்றார் புரோக்கர். முன்பணம் கொடுக்காமலே திரும்பினோம். கியர்பாக்ஸ் போய்விட்டது, சூடேறினால் குறை தெரியாது என்று எங்கள் மெக்கானிக் பிறகு சொன்னார்.

இப்போதெல்லாம் எந்தப் பழைய வண்டியைப் பார்க்கவும் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுகிறேன். முதலில் பானெட்டில் கை வைக்கிறேன். சூடாக இருந்தால், எனக்கு அதுதான் ராகுகாலம்.