ஸ்கோப் ரிங்கின் உயரமும் என் கன்னமும்

"ஒரு குண்டு மேல போகுது, ஒன்னு கீழ போகுது! என்ன மாட்டினீங்க நீங்க?"

கடை போனில் இன்ஜினியர் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது. மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்பு மைதானத்தில் கிளப் டீம் செலக்‌ஷன். அவர் மகள் நித்யா முதல் ரவுண்டில் கோட்டை விட்டிருந்தாள். மத்தியானம் இரண்டாவது ரவுண்டு. அதிலும் விட்டால் கதை முடிந்தது.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. செங்கல்பட்டில் துப்பாக்கி ரிப்பேர் என்றால் என் கடைதான். எட்டாம் கிளாஸ் ஃபெயில். லேத் பட்டறையில் கை பழகி, தானே கற்றுக்கொண்டவன். படித்தவர்கள் என்னிடம் வந்து நிற்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

இந்த இன்ஜினியர் ஊரப்பாக்கத்துக்காரர். மகளின் ஏர் ரைஃபிளுக்கு குறி பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்கோப் வரவழைத்திருந்தார். முன் லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர், டம்ளர் மாதிரி இருக்கும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் ரிங்கில் லோ, மீடியம், ஹை என்று மூன்று உயரம் உண்டு. அவர் கிராஃப் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டு வந்து ஹைதான் வேண்டும் என்றார்.

"பேரல் சூடாகும். லென்ஸுக்கும் அதுக்கும் நடுவுல கேப் வேணும்."

"ஏர்கன்ல எங்க சார் சூடு வரும்? இதுல இன்னா தோசையா சுடப் போறீங்க?"

"கால்குலேஷன் இருக்கு!"

"ஒசரமா வெச்சா கன்னம் துப்பாக்கியோட பின்கட்டைல ஒக்காராது சார். தலை அந்தரத்துல ஆடும். தலை ஆடினா குண்டு எங்கயாவது போவும்."

மூன்று வாரம் இந்தப் பேஜார். ஒவ்வொரு சனிக்கிழமையும் புது கிராஃப். லோ ரிங்கில் அந்த டம்ளர் லென்ஸ் பேரலில் இடிக்கும். அதனால் கடைசியில் அவரை மீடியத்துக்கு இறக்கினேன். என் வழக்கப்படி கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் திறந்தேன். ஸ்கோப்பில் வட்டம் முழுசாகத் தெரிந்தது. நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

போன் வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே போனேன். ரிங்கைக் கழற்றி ஹை மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், நான் மாட்டியது மாட்டியபடி இருந்தது.

நித்யாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லிப் பெண், சின்ன முகம்.

"கண்ண மூடிக்கினு கன்னத்த வைம்மா. இப்ப தொற. இன்னா தெரியுது?"

"பாதி கருப்பா இருக்கு அங்கிள். முழுசா தெரியணும்னா தலையத் தூக்கணும்."

"இத்த உங்கப்பாகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். கடைக்காரர் கரெக்டாதான் வெச்சிருப்பார், நீதான் பழகணும்னார்."

மூன்று வாரம் என் வார்த்தையில் ஒன்றைக்கூட நம்பாத மனுஷன், நம்பக்கூடாத இடத்தில் பார்த்து நம்பியிருக்கிறார்! அவரை என்ன சொல்வது? என் கன்னம் பன்னு மாதிரி. அதற்குச் சரியாக வைத்த உயரத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். சுடப்போகிறவளைக் கடைக்குக் கூட்டி வர அவருக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ரிங்கை இறக்க வழியில்லை. கன்னத்தைத்தான் ஏற்ற வேண்டும். என் ரப்பர் செருப்பு ஒன்றை பிளேடால் அறுத்து, தோள் துண்டில் சுற்றி, கன்னம் படும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டினேன்.

"செருப்பையா வெக்கறீங்க?" என்றார் இன்ஜினியர்.

"கிராஃப் இருந்தா அத்த வெச்சிருப்பேன் சார். கம்முனு இருங்க."

நித்யா கன்னத்தை வைத்தாள், கண்ணைத் திறந்தாள், சிரித்தாள். "இப்ப முழுசா தெரியுது."

இரண்டாவது ரவுண்டில் அங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இரண்டு ரவுண்டையும் கூட்டித்தான் டீம் எடுப்பார்கள். எடுத்தது நாலு பேர். அவள் ஐந்தாவது.

இன்ஜினியர் என்னை முறைத்தார், நான் அவரை முறைத்தேன். அவள் இரண்டு பேரையும் பார்த்து, "மூணு வாரம் சண்டை போட்டீங்களே, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள்.

இப்போதும் யாராவது ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் ரிங் பெட்டியைத் திறக்க மாட்டேன். போன மாதம் சிறுசேரியிலிருந்து ஒருவர் வந்தார்.

"அண்ணாத்த, இதுக்கு எந்த ஒசரம் வரும்?"

"சுடறது யாரு?"

"என் மச்சான்."

"அவன் மூஞ்ச இட்டுனு வா. அப்பால சொல்றேன்."