ஆறு விரல் பொம்மை

பொம்மை சேகரிப்பவர்களில் நான் ரொம்பக் கறார். ஓவியர் தைத்தது தைத்தபடியே இருக்க வேண்டும். பிற்பாடு யாரோ மாற்றிய பொத்தான், யாரோ போட்ட ஒட்டு எதுவும் எனக்கு ஆகாது, பிரித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நான் தேடிச் சேர்த்ததெல்லாம் ஒரே ஓவியருடைய துணிப் பொம்மைகள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு டிராயிங் மாஸ்டராக வந்தவர் அவர். அன்றைக்குக் கடைகளில் விற்ற பொம்மைகள் நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக இருக்கும். அதைப் பார்த்து எரிச்சல்பட்டுத்தான், கறுப்புத் துணியில் இலவம்பஞ்சை அடைத்து, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு நம் ஊர்ப் பிள்ளைகளைச் செய்ய ஆரம்பித்தார் என்பார்கள். ஒன்றையும் விற்கவில்லை. கூலிக்காரர் தெருப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். அதனால் மிஞ்சியவை குறைவு. என்னிடம் ஒன்பது இருந்தன.

முதல் பொம்மை, என் ஏழு வயதில் அப்பா கொண்டுவந்து கொடுத்தது. கீழ்வேளூர்ச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார். அதற்கு இடது கையில் ஆறு விரல். எண்ணும்போது மாஸ்டர் கோட்டை விட்டுவிட்டார் என்று நாங்கள் சேகரிப்பாளர்கள் கூடும்போதெல்லாம் கேலி செய்வோம்.

சென்ற ஆண்டு மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பொம்மைகளைப் பார்வைக்கு வைத்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆறு விரல் பொம்மையின் முன்னால் வந்து நின்றவர், நகரவே இல்லை. பிறகு தன் இடது கையை அதன் பக்கத்தில் வைத்தார். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல்.

"இது நான்தாங்க. மாஸ்டர் என்னை எதிர்ல உக்கார வெச்சு வரைஞ்சுகிட்டுத்தான் தைச்சாரு."

எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சொன்னது, என் அப்பா காரியஸ்தராக இருந்த பண்ணையின் ஊர். நில உச்சவரம்பு என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அறுப்புக்கூலியைக் கூட்டிக் கேட்டு அந்தக் கூலிக்காரர் தெரு வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறது. பண்ணை ஆட்கள் வந்து குடிசைகளின் கூரைக் கீற்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மதகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இந்தப் பிள்ளை திரும்பி வந்தபோது பொம்மையைக் காணோம்.

பொம்மை வந்த அன்று அப்பாவின் தலையிலும் சட்டையிலும் கீற்றுத் தூசி அப்பியிருந்ததும், அம்மா அதைத் தட்டிவிட்டதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சந்தைக்குப் போனவர் மேல் ஏது அவ்வளவு தூசி? அடுத்த வீட்டு மாங்காய் எங்கள் கொல்லையில் விழுந்தால்கூட, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று என்னை விரட்டுகிற மனிதர். அவரா ஒரு குழந்தையின் பொம்மையை எடுத்து வந்தார்? இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் இன்னாருடைய மகள் என்று சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொம்மையை நீட்டினேன். அவர் வாங்கி, குப்புறத் திருப்பி, சட்டையைத் தூக்கி, அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு பச்சை ஒட்டு இருக்குமே. பஞ்சு வெளிய வருதுன்னு அம்மா தன் சேலையில கிழிச்சு வெச்சுத் தைச்சது. அம்மாவோடதுன்னு என்கிட்ட வேற ஒண்ணும் இல்லைங்க."

அதைப் பிரித்தது நான்தான். சிறுவயதுப் பொம்மை என்று அதுவரை விட்டுவைத்திருந்தேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால், அது மாஸ்டர் கைவேலை இல்லை என்று கத்தரித்து எடுத்துவிட்டு, கறுப்புத் துணி வைத்து அழகாகத் தைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

"எங்க போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார், இப்போதே போனால் எடுத்துவிடலாம் என்பதுபோல.

குப்பை வண்டியில் போட்டுவிட்டேன் என்றேன்.