வாத்தியார் சொல்லாத நூறு பல்பு

நான்கு ஊர்களில் நான் மின்கம்பமாக நின்றிருக்கிறேன். பி.ஏ. படித்தவன், செங்கல்பட்டில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, சலவைச் சட்டை இல்லாமல் வாசலைத் தாண்டாதவன். இரண்டு கைகளையும் ஒரு குறுக்குச் சட்டத்தில் கட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, முதுகில் லாரி பேட்டரியைச் சுமந்தபடி தெருக்கூத்தில் நின்றேன். இதை என் பிள்ளைகளிடம் சொன்னதுண்டு. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏன் நின்றேன் என்பதை மட்டும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. எட்டுப் பக்கம். அச்சகத்துக்காரர்தான் ஆசிரியர். கல்யாணப் பத்திரிகை வேலை இல்லாத நாட்களில் அதை அடிப்பார். அதில் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுத்தார்.

"புதுசா நாடகம், கூத்து, டான்ஸுன்னு எவனாவது எதையாவது கிளப்பிக்கினே இருக்கான். போய்ப் பேசு. அவன் பேசறத எழுது" என்றார்.

போனேன், பேசினேன். அவர்கள் பேசியதை மட்டும் எழுதவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு நடன ஆசிரியை, மீன் வலையில் சிக்குவதை ஆறு பெண்களை வைத்துப் புதிய நடனமாக அமைத்துக்கொண்டிருந்தார். "நெசமான வலையக் கொண்டாந்தது தப்பாப் போச்சு சார். நாத்தம் போகல. பொண்ணுங்க கிட்ட வரமாட்டேங்குதுங்க" என்பதுதான் அவர் என்னிடம் சொன்னது. பத்திரிகையில் அவர், 'வலை என்பது மனித வாழ்வின் குறியீடு' என்றார். எங்கள் ஆபீஸ் நாடக சபாவின் செயலாளர், ராஜா வேஷத்துக்கு வாங்கிய தாடியைத் துவைத்ததில் அது சுருங்கிவிட்டது என்று அரைமணி நேரம் புலம்பினார். பத்திரிகையில் அவர் கிரேக்க நாடகத்தைப் பற்றிப் பேசினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அச்சில் தாங்கள் இவ்வளவு அழகாகப் பேசியிருப்பது அவர்களுக்கே பிடித்திருந்தது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

அந்தத் துணிச்சலோடுதான் கூத்து வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அவர் ஊர் மாமல்லபுரத்திலிருந்து திருவிடந்தை போகும் மணல் பாதையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வாடகைக்கு சைக்கிள் எடுத்தேன். அந்த மணலில் சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை, நான்தான் சைக்கிளைச் சுமந்தேன்.

வாத்தியாருக்கு ஐம்பது வயதிருக்கும். எழுத்து தெரியாது. பாரதக் கதை முழுவதும் பாட்டும் வசனமுமாக வாயில் இருந்தது. அவருடைய ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பத்துப் பேர் வேஷம் கட்டினார்கள். ஆனால் அப்போது அவர் பாரதத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு கூத்து கட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் கூத்து. அந்த ஊருக்கு மின்கம்பங்கள் வந்துவிட்டன, கம்பி வரவில்லை. ஆடுகள் கம்பத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் கதை தோன்றியதாம். மின்சார ராஜன் இருட்டாசுரனோடு சண்டை போட்டு ஜெயிக்கிறான். கடைசியில் வீட்டு அகல் விளக்கு ஒரு பெண்ணாக வந்து, வாசலில் நின்று, போய் வருகிறேன் என்று பாடிவிட்டுப் போகிறாள். விடிய விடிய இல்லை, இரண்டே மணி நேரம். அகல் விளக்கு வேஷம் வாத்தியாருக்கு.

"இதுக்கோசரம் மீசைய எடுத்துட்டேன் சார்" என்று மேலுதட்டைத் தடவிக் காட்டினார். "முப்பது வருசத்து மீசை. என் பொண்டாட்டி மூணு நாளா மூஞ்சியப் பாக்காமதான் சோறு போடறா."

"ஒரு பாட்டுக்காகவா?"

"பாட்டுக்காகத்தான். எட்டு மாசமா கட்டிகினு கீறேன். கரண்ட் வரட்டும், நல்லதுதான். இத்தினி நாளு எரிஞ்சவள ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேணாமா? ஜனங்க அந்தப் பாட்டக் கேட்டுட்டு ஒரு நிமிசம் கம்முனு இருக்கணும். அது போதும் சார். வேற ஒண்ணும் வாணாம்."

பிறகு அதை எனக்குப் பாடிக் காட்டினார். முழுப் பாட்டையும், கண்ணை மூடிக்கொண்டு. நான் நோட்டுப் புத்தகத்தில் என் கட்டுரையின் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது தெரிந்ததும், "அருமை" என்றேன்.

"எந்த அடி சார்?"

"எல்லா அடியும்."

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ராஜனுடைய கிரீடம் அங்கே பாதி முடிந்து கிடந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது. அதில் என்ன பதிப்பீர்கள் என்று கேட்டேன். "கண்ணாடித் துண்டுதான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நல்லா மினுக்கும்" என்றார். எனக்குக் கண்ணாடித் துண்டு போதவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே மாற்றிவிட்டேன். அந்த வாரப் பத்திரிகையில் வாத்தியார் இப்படிப் பேசினார்: 'மின்சார ராஜனின் கிரீடத்தில் நூறு மின்விளக்குகள் ஒளிரும். கலையும் விஞ்ஞானமும் கைகோக்கும் காலம் இது.' பாட்டைப் பற்றி, 'இடையிடையே இனிய பாடல்களும் உண்டு' என்று ஒரு வரி எழுதினேன்.

அந்த வட்டாரத்தில் கூத்துக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர்க்காரர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, இன்ன கூத்து வேண்டும் என்று சொல்லி நீட்டுவார்கள். வாத்தியார் வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டால், சொன்னது சொன்னபடி மேடையில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அப்புறம் அந்த ஜமாவுக்கு எந்த ஊரும் தட்டு நீட்டாது. பத்திரிகையைப் படித்துவிட்டு, வாத்தியாரின் சொந்த ஊர்க்காரர்களே திருவிழாவுக்குத் தட்டு கொண்டு போனார்கள். "பேப்பர்ல போட்டுக்கீதே, அந்தக் கூத்து, அதே மாதிரி" என்றார்கள். பேப்பரில் போட்டிருப்பது தன் கூத்துதானே என்று இவர் சந்தோஷமாக வெற்றிலையை எடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, புகழ்ச்சியை எதிர்பார்த்து நான் அங்கே போய் இறங்கினேன். கோயில் வாசலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். திருவிழா நடத்தும் தர்மகர்த்தா கையில் பத்திரிகை இருந்தது. எதிரில் வாத்தியார், மீசை இல்லாமல்.

"நூறு பல்பு கீதா இல்லியா, அத்த சொல்லு."

"இன்னா பல்பு அண்ணாத்த? நான் பல்பே சொல்லல."

"பின்ன இதுல எப்பிடி வந்துச்சு? பல்பு தானா காய்ச்சுச்சா?" தர்மகர்த்தா என் பக்கம் திரும்பினார். "வா சார். இவன் சொன்னானா, நீயா எழுதுனியா?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். என் வெள்ளைச் சட்டை, என் பி.ஏ., என் பத்திரிகைப் பக்கம், எல்லாம் அந்த நொடியில் நினைவுக்கு வந்தன.

"அவர்தான் சொன்னார்" என்றேன்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "சொன்னனா?"

"சொன்னீர்கள். மறந்துவிட்டீர்கள்."

நான் பொய் சொன்னது போதாதென்று, அடுத்தவனுக்கு ஞாபக மறதி என்றும் கதை கட்டினேன். இத்தனை வருஷத்தில் என்னால் மன்னித்துக்கொள்ள முடியாதது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

கூட்டம் கலைந்ததும் வாத்தியார் என் கூடவே நடந்தார். "சரி, பல்பு உடு சார். அது இன்னா, கலையும் விஞ்ஞானமும் கைகோக்கும்? நான் எப்போ அப்டி பேசினேன்? வூட்ல போயி அப்டி பேசினா, ஜொரம் வந்துட்ச்சின்னு கஞ்சி காச்சிக் குடுப்பா." திட்டவில்லை. பல்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தப்பினேன்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாய் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவருக்கு.

"நூறு பல்பா? நூறு பல்பு எரியணும்னா ராஜா தலையில கிரீடம் வாணாம் சார், பவர் ஹவுஸ் வைக்கணும். கார் பல்பு ஆறு தரேன். லாரி பேட்டரி ஒண்ணு தரேன். என் பேட்டரி ராஜா வேஷம் கட்டறதப் பாக்க நானும் வரேன்."

திருவிழா அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கூத்து தொடங்கியது. மின்சார ராஜன் வேஷம் வாத்தியாரின் மைத்துனருக்கு. நல்ல பலசாலி, கட்டுமரத்தைத் தனியாகத் தள்ளுகிறவர். பேட்டரியை அவர் முதுகில் கட்டினோம். திரையை விலக்கினார்கள், பாய் ஒயரைச் செருகினார், ஆறு பல்பும் எரிந்தன. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தர்மகர்த்தா மட்டும் விரல் விட்டு எண்ணினார்.

"ஆறுதான் கீது! மீதி எங்கடா?"

கோமாளி வேஷமான கட்டியங்காரன் முன்னால் வந்தான். "தொண்ணூத்தி நாலும் கடலுக்குக் குளிக்கப் போயிக்கீது சாமி. ஈரத்தோட வந்தா ஷாக் அடிக்கும், பரவால்லியா?"

தப்பித்தோம். ஆனால் கூத்தில் ராஜா என்றால் சுழன்று சுழன்று ஆட வேண்டும். மைத்துனர் சுழன்றார். மூன்றாவது சுற்றில் ஒயர் இருட்டாசுரனின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. ஐந்தாவது சுற்றில் பேட்டரி சாய்ந்து ஆசிட் அவர் இடுப்பில் இறங்கியது. அவர் குதித்தார். இதுவரை யாரும் பார்த்திராத குதி. புது அடவு என்று ஜனங்கள் விசில் அடித்தார்கள். "மச்சான்! எரியுது மச்சான்!" என்று அவர் கதற, "எரியட்டும், எல்லா பல்பும் எரியட்டும்!" என்று கூட்டம் பதிலுக்குக் கத்தியது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து அவர் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நல்லவேளை, வேட்டிதான் பொத்தலானது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் வாத்தியார் அகல் விளக்காக வந்து நின்றார். பாடினார். உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. பாடி முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதையும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே நாலு ஊர்க்காரர்கள் தட்டோடு வந்தார்கள். எல்லாருக்கும் பேட்டரிக் கூத்துதான் வேண்டும். மைத்துனர் பேட்டரியைத் தொடமாட்டேன் என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். "நீ எழுதுன பல்பு சார். நீயே தூக்கு." இப்படித்தான் நான் மின்கம்பமானேன். ராஜாவுக்குப் பின்னால் நான் நிற்பேன், என் முதுகிலிருந்து அவர் தலைக்கு ஒயர் போகும். அவர் போகிற பக்கமெல்லாம் நான் போக வேண்டும். நடக்கும் கம்பத்தைப் பார்த்து ஜனங்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் வாத்தியார் பாட வந்தபோது, "கம்பத்த ஆடச் சொல்லு!" என்று கத்தினார்கள்.

இரண்டாவது ஊரிலிருந்து திரும்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த பல்பு நான் சொன்னது இல்லன்னு பேப்பர்ல ஒரு வரி போடு சார். நான் கட்டுனது பாட்டுதான்னு போடு. அத்தப் படிச்சாங்கன்னா உக்காந்து கேப்பாங்க."

சரி என்றேன். ஆசிரியரிடம் பேச்சே எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தால் பக்கம் போய்விடும் என்ற பயம். அடுத்த வாரம் வாத்தியார் கேட்டபோது, போட்டாச்சு என்று ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்டார். கைக்கு வந்த ஒரு கட்டத்தை விரலால் காட்டினேன். அந்த இடத்தை அவர் நகத்தால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டார்.

படாளத்தில் ஐந்தாவது கூத்து. பாடவந்த வாத்தியாரை ஜனங்கள் வழக்கம்போலப் பாடவிடவில்லை. அவர் ரவிக்கைக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்தார். முன்வரிசையில் இருந்த போஸ்ட் மாஸ்டரிடம் கொடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க சாமி. இதுல சார் எழுதிக்கீறாரு. அய்யா, கீறல் போட்ட எடத்தப் படிங்க. சத்தமா."

கையைச் சட்டத்தில் கட்டியிருந்தது, முதுகில் பேட்டரி, ஒயரின் மறுமுனையில் ராஜா. ஓட முடியுமா? போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று படித்தார்.

"மூலம், பவுத்திரம், ஆசன எரிச்சல். மூன்றுக்கும் ஒரே தைலம். காலையும் மாலையும் தடவவும்."

படாளமே சிரித்தது. வாத்தியார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடுப்பை வளைத்து, "கேட்டீங்களா மாமா? கரண்ட் வந்துச்சின்னா எரிச்சலும் கூடவே வருமாம். தைலம் வாங்கி வெச்சிக்குங்க!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் பாடாமலே திரைக்குள் போய்விட்டார்.

கூத்து முடிந்ததும் அவரே வந்து என் கைக்கட்டை அவிழ்த்தார்.

"நான் பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். "கோயில் வாசலிலும் பொய்தான்."

"அது அன்னிக்கே தெரியும் சார்."

"பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"நாப்பது பேரு முன்னாடி உன் மூஞ்சி போன போக்கு, பாக்கப் பாவமா இருந்துச்சி. உட்டுட்டேன். ஆனா பேப்பர்ல போட்டேன்னு சொன்னே பாரு, அத்த நம்பினேன்."

"இப்போது பாடுங்கள் வாத்தியாரே. ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொள்கிறேன். அடுத்த வாரம் முதல் பக்கத்தில் வரும்."

முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை. "நான் இன்னாத்துக்கு சார் பாடணும்? நீயே எழுதிக்கோ. எழுதி, வாத்தியார் சொன்னாருன்னு போட்டுக்கோ. உனக்குத்தான் அது நல்லா வருதே."

அதோடு அந்தப் பாட்டைக் கூத்திலிருந்து எடுத்துவிட்டார். அகல் விளக்கு வேஷமும் போயிற்று. பேட்டரிக் கூத்து இன்னும் இரண்டு வருஷம் வேறொரு கம்பத்தோடு நன்றாகவே ஓடியது. ஜமாவுக்கு வெளியே அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவன் நான் ஒருவன்தான். எவ்வளவு யோசித்தாலும் முதல் அடியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அந்த அடியும் அவர் பாடியதுதானா, பின்னால் நானாகக் கட்டிக்கொண்டதா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆகவே அதை இங்கே எழுதவில்லை.