பார்த்தசாரதி மலை இறங்கும் விதம்

என் கணவர் மலை ஏறுவதைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏறுவது என்ன பெரிய காரியம்? ஆடு ஏறுகிறது, மாடு ஏறுகிறது. அவர் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். ஊரெல்லாம் முன்னால் பார்த்து இறங்கும்போது பெஹாலா பார்த்தசாரதி மட்டும் பின்பக்கமாக இறங்குவார். அதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

முதலில் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாது. வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது. கல்யாணமான கையோடு என்னைக் கல்கத்தாவில் பெஹாலாவுக்கு அழைத்து வந்தார். இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்றார், முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்கள் பெண் ரஞ்சனா இங்கேதான் பிறந்தாள். சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழைவிடப் பெங்காலிதான் அவளுக்கு நாக்கில் புரளும். சண்டை போடும்போது மட்டும் சுத்தத் தமிழ் வரும், அது என்னிடம் கற்றது.

இவருக்கு நடைப் பைத்தியம் பிடித்தது ஐம்பது வயதுக்கு மேல். அலுவலகத்தில் ஒரு கோஷ்டி குடும்பத்தோடு வடக்கு வங்காளத்தில் இருக்கும் பக்ஸா காட்டுக்குக் கிளம்பியது. காலையில் ஏறி, மேலே இருக்கும் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் போனார். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. அடிக்கு ஒரு "அம்மா". கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு வளைவில் மனிதர் சட்டென்று திரும்பி நின்றார். மலையைப் பார்த்தபடி காலைப் பின்னால் எடுத்து வைத்தார். வலிக்கவில்லை. இன்னொரு அடி வைத்தார். அப்போதும் வலிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ரங்கா, என் எதிர்ல வந்து நில்லு. ரெண்டு கையையும் பிடிச்சுக்கோ. பின்னால கல்லு கில்லு இருந்தா சொல்லு."

எனக்கு மானம் போயிற்று. பெஹாலா கடைத்தெருவில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர் இவர். துர்கா பூஜை நெரிசலில்கூட என் கையைப் பிடிக்க மாட்டார், நான் வைத்திருக்கும் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வருவார். கல்யாண மணையில் வாத்தியார் சொல்லிப் பிடித்ததோடு சரி. இப்போது ஆபீஸே வேடிக்கை பார்க்க, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி மலை இறங்குவதாவது! கீழே போய்ச் சேரும்வரை நான் தலை நிமிரவில்லை. கல்லையும் வேரையும் மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பு. கால் வலி போன சந்தோஷம்.

அதற்கப்புறம் குளிர்காலம் வந்தால் போதும், சியால்டாவில் ரயில் ஏறிவிடுவோம். நியோரா காடு, திரும்பவும் பக்ஸா, எந்த மலையெல்லாம் ஒரே நாளில் ஏறி இறங்கலாமோ அங்கெல்லாம் போனோம். நான் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்வேன். அவர் மங்கி குல்லாவை மாட்டிக்கொள்வார். ஏறும்போது ஒரு பேச்சு இராது. இறங்கும்போதுதான் எல்லாப் பேச்சும். ரஞ்சனாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது, என் தம்பியின் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை, எல்லாம் அங்கேதான் பேசித் தீர்த்தோம். வீட்டில் என்றால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். மலையில் எங்கே ஓடுவார்? நானும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. கையை விட்டால் மனிதர் உருண்டுவிடுவார்.

இத்தனை நடந்தும் அவருக்கு ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. கஞ்சன்ஜங்கா பனிச்சிகரத்தின் தரிசனம். டார்ஜிலிங்குக்கு இரண்டு தடவை போனோம். அங்கே பனிமூட்டம். காலிம்பாங்கில் மழை. லாவாவில் விடிய விடியக் காத்திருந்து பக்கத்து வீட்டுக் கூரைதான் தெரிந்தது. எங்கள் மாடி வீட்டு ஹால்தார் பாபு இவரைப் பார்க்கும்போதெல்லாம், "பார்த்தோ பாபு, மழை இல்லாத ஊருக்கு உங்களைத்தான் அனுப்பி வைக்கணும்" என்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

இந்த வருஷம் ரஞ்சனாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. எங்களையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. பொங்கலுக்கு அப்புறம் வீட்டைக் காலி செய்ய வேண்டும், சென்னையில் அவருடைய இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன். இனி மலை ஏது? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இத்தனை வருஷம் வங்காளத்துல இருந்துட்டு அதைப் பாக்காம போறது என்னமோ மாதிரி இருக்கு ரங்கா."

எதையும் வேண்டும் என்று கேட்டறியாத மனிதர். அன்றைக்கே ரஞ்சனாவிடம் டிக்கெட் போடச் சொன்னேன்.

நவம்பரில் டார்ஜிலிங் பக்கத்தில் இருக்கும் சிங்கலீலா தேசியப் பூங்காவுக்குப் போனோம். நவம்பரில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அங்கே வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். எங்களுக்கு வந்தவள் ஸ்மிதா, சிரித்த முகம், மலைக்காரப் பெண். ஜீப்பை ஒரு செக்போஸ்டில் நிறுத்திவிட்டு, மூங்கில் காட்டு வழியாக ஒரு முகட்டுக்கு நடந்தோம். முகட்டின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. வழியெல்லாம் பாசி படிந்த மரங்கள், காலடியில் மெத்தை மாதிரி இலை. மூச்சு வாங்கினாலும் மனசு குளிர்ந்து கிடந்தது. இவர் நின்று நின்று ஏறினார், ஆனால் ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

மேலே போனால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஒரே வெள்ளை. எதிரே நீட்டிய கை தெரியவில்லை.

அவர் வடக்கே பார்த்து ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். புளியோதரையை நீட்டினேன், வேண்டாம் என்றார். ரஞ்சனா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனில் வானிலையைப் பார்த்துவிட்டு, "இப்போ க்ளியர் ஆயிடும்பா" என்றாள். ஆகவில்லை. நான் பெருமாளிடம் முதலில் கெஞ்சினேன், அப்புறம் மிரட்டினேன். கடைசியில் ஸ்மிதா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். இருட்டுவதற்குள் பூங்காவை விட்டு வெளியே போக வேண்டுமாம். "அங்கிள், இனி இறங்க வேண்டியதுதான்" என்றாள் ஹிந்தியில்.

"அதுக்கென்ன, கிளம்பலாம்" என்று எழுந்தார். எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ரஞ்சனாவாலும் முடியவில்லை. "ச்சே, என்ன மலைம்மா இது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தாள். தனியாகப் போகிறாளே என்று ஸ்மிதாவை அவள் பின்னால் அனுப்பிவைத்தேன். எங்கள் இறக்கம் எங்களுக்குப் பழக்கம்தானே.

அவர் திரும்பி நின்று கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"இடது கால். வேர் இருக்கு. ம். இப்போ வலது. சரளைக்கல்லு, பாத்து."

அன்றைக்கு நான்தான் ஓயாமல் பேசினேன். மேகத்தைத் திட்டினேன், நவம்பரைத் திட்டினேன், சென்னையில் கடல் இருக்கிறது, தினமும் நடக்கலாம் என்றேன். "ம்" என்றார். காடு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நான் வலது கால் என்கிறேன், அவர் காலை எடுக்கவில்லை.

"வலது கால்னா, வலது!"

அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் விரல்களை நொறுக்குகிற மாதிரி இறுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னன்னா? நெஞ்சு வலிக்கறதா? சொல்லுங்கோளேன்!"

"ரங்கா," என்றார், குரல் எங்கேயோ இருந்து வந்தது, "கொஞ்சம் தள்ளிக்கோயேன். மறைக்கறே."

எனக்கு வந்ததே கோபம்! இங்கே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மறைக்கிறேனாம். நன்றாகக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கையை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினேன். மேகம் நடுவில் பிளந்திருந்தது. நாங்கள் நின்றிருந்த முகட்டுக்கும் மேலே, இவ்வளவு உயரத்தில் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்காத இடத்தில், முழுசாக இருந்தது. சாயங்கால வெயில் பட்டு மஞ்சளாக இருந்தது. அம்மாடி என்று சொல்லிவிட்டேன். நான் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், அப்புறம் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அழகாக இருந்தார், மங்கி குல்லாவோடு.

பெண்ணின் ஞாபகம் வந்து, "ரஞ்சூ! ஓடி வாடி!" என்று காடு அதிரக் கத்தினேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தாள், பின்னாலேயே ஸ்மிதா. அவர்கள் வந்து சேர்வதற்குள் மேகம் மூடிக்கொண்டுவிட்டது. எதிரே பழைய வெள்ளைதான்.

"நெஜமாவாப்பா? தெரிஞ்சுதா? முழுசாவா?"

தலையை ஆட்டினார். தெரிந்தது, தெரிந்தது என்று ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"போட்டோ? உன் போன் பாக்கெட்லதானே இருக்கு? ஒண்ணுகூட எடுக்கலையா?"

"எப்படிம்மா எடுக்கறது?" என்றார். "எடுக்கணும்னா அம்மா கையை விடணுமே."

ரஞ்சனா என்னைப் பார்த்தாள். எனக்கு ஏதாவது சொல்லி அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. "வலது கால்" என்றேன்.