வயிற்றைப் பார்த்து மூச்சைச் சொன்னவள்

தங்கை ஜெயித்ததையெல்லாம் யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் அக்கா ஒரே வரிசையில்தான் சொல்வாள். முதலில் முதுகு. சின்ன வயதில் முதுகெலும்பில் கிருமி புகுந்து, மாவுக்கட்டுக்குள் வருஷக்கணக்கில் மல்லாந்து கிடந்த பிள்ளை அவள். உட்கார்ந்தாலே பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்தப் பிள்ளை உட்கார்ந்தது, நடந்தது, ஒருநாள் குனிந்து தன் பாதத்தைத் தொட்டது. இரண்டாவது, யோகா நிலையம். கூன் விழுந்தவள் சொல்லிக்கொடுத்தால் எவர் வந்து கற்றுக்கொள்வார் என்று அங்கே முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அதே நிலையத்தில் வாய்மொழியாகவே பரீட்சை கொடுத்துத் தேறினாள். மூன்றாவது, சைக்கிள் கடைக்கு மேல்மாடி அறை. கீழே டயர் ஒட்டும் வாடை, மேலே பாய் விரித்த வகுப்பு. அது அவளுடைய சொந்த வகுப்பு. நான்காவது, கல்யாணம். அந்தப் பேச்சிலிருந்து சொந்தக்காரர்கள் அவளை எப்போதோ தள்ளி வைத்திருந்தார்கள். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் அவளே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

எழுத்து மட்டும் அந்த வரிசையில் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் படுக்கையில் கிடந்தாள். எழுந்த பிறகு சின்னஞ்சிறுசுகளோடு உட்கார வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா ஐந்தாவது வரை படித்தவள், துணி திருத்தித் தைக்கிற தையல்காரி. தனக்குத் தெரிந்ததையாவது சொல்லித் தருகிறேன் என்று பலமுறை மன்றாடிப் பார்த்தாள். "உடம்பெல்லாம் வளையுது அக்கா, பேனா மட்டும்தான் வளைய மாட்டேங்குது" என்று தங்கை சிரித்துத் தட்டிக் கழித்துவிடுவாள். எங்கே போனாலும் கட்டைவிரல்தான்.

அவள் படித்த படிப்பு வேறு. மாவுக்கட்டுக்குள் கிடந்தபோது அசைக்க முடிந்தது வயிறு ஒன்றுதான். அக்கா அதன்மேல் ஒரு நூல்கண்டை வைப்பாள். மூச்சை இழுத்தால் நூல்கண்டு ஏறும், விட்டால் இறங்கும். உருட்டிக் கீழே தள்ளிவிட்டால் தோற்றவள். அந்த விளையாட்டிலிருந்துதான் அவளுக்கு அந்தக் கண் வந்தது என்று அக்கா நம்பினாள். வகுப்பில் இருபது பேர் படுத்திருந்தாலும் நடுவில் ஒருமுறை நடந்து வருவாள். வயிற்றைப் பார்த்தே யார் கோபத்தோடு வந்திருக்கிறார், யார் சாப்பிட்ட கையோடு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் என்றைக்கும் மாறியதில்லை. சாப்பிட்டுவிட்டுச் செய்யலாமா என்பார்கள். பசி லேசாக எட்டிப் பார்க்கிற நேரத்தில் வாருங்கள், பசியே வந்து உட்கார்ந்துகொண்டால் ஒரு வாழைப்பழம் போதும் என்பாள். குனிந்தால் கால்விரல் எட்டவில்லை என்பவரிடம், முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள், கால்விரல் எங்கும் ஓடிப்போகாது என்பாள். வலி வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவள் சொல்லும் பதிலை அக்கா தன்னிடம் துணி தைக்க வருகிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறாள்: இழுக்கிற வலி என்றால் கொஞ்சம் பொறுத்திருங்கள், குத்துகிற வலி என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். விடுமுறை நாளில் மட்டும் மொத்தமாகச் செய்துகொள்ளலாமா என்று ஒரு பெண் கேட்டாள். ஒரு வாரத்துப் பல்லை ஒரே நாளில் தேய்ப்பீர்களா என்று திருப்பிக் கேட்டாள். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று குழம்புகிறவர்களிடம் மட்டும் அவள் குரல் தணிந்துவிடும். குழம்பினால் மூச்சை மறந்துவிடுங்கள், அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடக்கி மட்டும் பிடிக்காதீர்கள்.

அவள் பிறகு கட்டிக்கொண்ட பேக்கரிக்காரரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். மாவு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போன மனிதர். முதல் நாளே, படுத்திருக்கும்போது தூங்கிவிட்டால் தப்பா டீச்சர் என்று கேட்டார். தூங்கலாம், குறட்டை விட்டால் மட்டும் எழுப்புவேன் என்றாள். அன்றைக்கே எழுப்ப வேண்டியதாயிற்று.

அவருக்கு மூச்சு மட்டும் கடைசிவரை சரியாக வரவேயில்லை. மூட்டை தூக்குகிறவர் பழக்கம்: இழுக்கும்போது வயிற்றை உள்ளே எக்கி, தோளைக் காது வரை தூக்குவார். விடுவதற்கு முன் தொண்டையில் ஒரு சின்னத் தடங்கல். வெளியே கிளம்பியவர் வாசலில் நின்று செருப்பைத் தேடுகிற மாதிரி அது ஒரு கணம் நின்று, பிறகுதான் கிளம்பும். தங்கை அவர் வயிற்றில் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள், நூல்கண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தாள், திட்டியும் பார்த்தாள்.

"ஊருக்கே மூச்சு சொல்லித் தர்றேன், வீட்டுல இருக்கறவருக்கு வரலைன்னா என் மானம் போகுது" என்பாள்.

"வந்துட்டா அப்புறம் என்னை எதுக்கு நீ தொட்டுப் பார்க்கப் போற?" என்பார் அவர். அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பதையும் மறந்து இப்படிப் பேசுகிறவர். அக்கா பொத்தானுக்குக் காஜா போடுகிற துணியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அப்படி ஒன்பது வருஷம். பிறகு ஒரு காலையில் பேக்கரி அடுப்பின் முன்னால் ரொட்டித் தட்டோடு சாய்ந்துவிட்டார். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாயில் குழாய் இருந்தது, பக்கத்தில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அவர் வயிற்றைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது.

"பாரேன் அக்கா. தோளே எழும்பலை. வயிறு எவ்வளவு அழகா ஏறி இறங்குது. இப்பதான் சரியா மூச்சு விடறார்."

அக்கா மெஷினைப் பார்த்தாள். மெஷின் ஒவ்வொரு தடவை உஸ்ஸென்றதும்தான் வயிறு ஏறியது. அது அக்காவின் காதுக்கே கேட்டது. தங்கையின் காதுக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசித்தாள். அவள் என்றைக்கும் மூச்சைக் காதால் பார்த்தவளில்லை, கண்ணால் பார்த்தவள்.

டாக்டரம்மா நல்லவள். வராந்தாவில் நாற்காலி போட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னாள். மூளை போய்விட்டது, திரும்பாது. இப்போது நடப்பது அவருடைய மூச்சில்லை. வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் மெஷினை நிறுத்திவிடலாம். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். தங்கை மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "மூளையைப் பத்தி நீங்க சொன்னா கேட்டுக்கறேன்மா. மூச்சைப் பத்தி நான்தான் சொல்லணும். அவருக்கு மூச்சு இருக்கு."

அதற்குமேல் அவளை அசைக்க முடியவில்லை. மாடி அறை பூட்டிக் கிடந்தது. வகுப்புக்காரர்கள் படியேறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டு அக்காவின் தையல் மெஷின் பக்கம் வந்து விசாரித்தார்கள். அக்கா ஊசியில் நூல் கோத்தபடி ஏதோ சொல்லி அனுப்பினாள். பேக்கரிக்காரரின் கை வீங்கிக்கொண்டு வந்தது. தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறி ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. பார்க்கவிடும் நேரமெல்லாம் தங்கை பக்கத்தில் நின்று அவரிடம் வகுப்பு நடத்தினாள்: அப்படித்தான், அப்படித்தான், தோளைத் தளர விடுங்க, ரொம்ப நல்லா இருக்கு. அவரை அவள் அப்படிப் பாராட்டி அக்கா கேட்டதேயில்லை. அந்தப் பாராட்டுதான் அக்காவால் தாங்க முடியாததாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று சோற்று டப்பாவோடு ஒவ்வொரு தடவையும் கிளம்புவாள். முகத்தைப் பார்த்ததும் டப்பாவை நீட்டிச் சாப்பிடச் சொல்வதோடு திரும்பிவிடுவாள். ஜெயித்தே பழகியவளிடம், இது நீ ஜெயிக்கிறதில்லை என்று யார் சொல்வது? பேசாமல் இருந்தால் அந்த மனிதர் இப்படியே எத்தனை நாள் கிடப்பார்? சொன்னால் இவள் என்ன ஆவாள்?

அன்று மத்தியானம் உள்ளே போனபோது தங்கை பேசிக்கொண்டிருக்கவில்லை. வலது கையை அவர் வயிற்றின்மேல் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். தங்கை கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"நிக்கவே மாட்டேங்குது அக்கா."

"எது?"

"வாசல்ல நிக்கும்ல, செருப்பைத் தேடறவன் மாதிரி. அது. காலையிலேர்ந்து கை வச்சுப் பார்த்துட்டே இருக்கேன். ஒரு தடவைகூட நிக்கலை."

அக்கா கட்டிலருகே போய் நின்றாள்.

"எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்" என்றாள் தங்கை. "இவ்வளவு சரியா அவருக்கு வராதே."

கையை எடுத்தாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், சுருக்கத்தை நீவினாள். அப்புறம்தான் அழுதாள். கூன் முதுகு கட்டிலின்மேல் கவிழ்ந்துகொண்டது. அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றாள். நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த நர்ஸ் திரும்பிப் போய்விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையே டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அவருக்கு வலிக்குமா என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். வலிக்காது என்றாள் டாக்டரம்மா. நர்ஸ் சம்மதக் காகிதத்தோடு மை டப்பாவையும் கொண்டுவந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது சேர்க்கும்போதே அவர்களுக்குத் தெரியும். தங்கை விரலை நீட்டப்போய், நடுவில் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். விரலை யார் வேணா புடிச்சு வச்சுடலாம். மயக்கத்துல கிடந்தாக்கூட வச்சுடலாம். இதை நான்தான் சொன்னேன்னு இருக்கணும்." அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "என் பேரை எழுதிக் காட்டு."

அக்காவிடம் காகிதம் இல்லை. சோற்று டப்பாவைச் சுற்றிவந்த காகிதப் பையைக் கிழித்து நீவி, அதில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். ஐந்தாவதில் நின்றுபோன கையெழுத்து. சட்டை வெட்டக் கோடு போடுகிறவள் கை என்பதால் கோணாமல் வந்தது. எந்த எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். தங்கை ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்துக்கொண்டாள். பேனாவைக் கத்தி பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பைக் காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தாள், இன்னொரு முறை எழுதினாள். இரண்டாவது சுழியில் தடுமாறி அழுத்தியதில் காகிதம் கிழிந்தது. அக்கா அவள் கையைப் பிடிக்கப்போனாள். தங்கை தலையை ஆட்டித் தடுத்துவிட்டாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றிருந்தாள்.

பிறகு சம்மதக் காகிதத்தில் எழுதினாள். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. ஆனால் யார் படித்தாலும் அது அவள் பெயர்தான். அக்கா மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

கீழே தேதி போட வேண்டும் என்றாள் நர்ஸ். தங்கை பேனாவை அக்காவிடம் நீட்டிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தேதியை அக்காதான் எழுதினாள்: 2014 நவம்பர் 12, புதன்கிழமை.