நூற்றிருபத்தைந்தாம் கட்டைக்கு எத்தனை மைல்

ஓடுகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு, அது உண்மையில் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? டிக்கெட்டைப் பார்த்துச் சொல்வேன் என்று கிளம்பாதீர்கள். அதில் இப்போது ஜப்பான் எழுத்துதான். ஸ்டேஷன் கடிகாரமும் டோக்கியோ நேரம் காட்டுகிறது. இருட்டு விலகாத வேளையை எட்டு மணி என்கிறது.

அந்த எட்டு மணிக்குத்தான் சுங்கைப் பட்டாணியில் ஏறினோம், நானும் கமலம் அக்காவும். என் பெரியம்மா மகள்; புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டுகிறாள். அவள் புருஷன் ராமையாவைச் சயாமில் ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று ஏற்றிப்போனார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அங்கிருந்து காய்ச்சலோடு தப்பி வந்த ஒருவன் சேதி சொன்னான்: ராமையா உயிரோடு இருக்கிறார், காலில் புண், நூற்றிருபத்தைந்தாம் கட்டையில் கிடக்கிறார்.

கட்டை என்றால் மைல்கல். எங்கள் பக்கத்தில் பாதி இடங்களுக்கு வேறு பெயரே கிடையாது. மூணாங்கட்டை, ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை. எண்ணைச் சொன்னால் தூரம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கல்லூரியில் கணக்குப் படித்தவன் ஆயிற்றே, என்னைக் கூப்பிட்டார்கள். நானும் வெளுத்துக் கட்டினேன்: பழைய கால அட்டவணைப்படி எல்லையிலுள்ள பாடாங் பெசார் இங்கிருந்து எண்பது மைல், மிச்சம் நாற்பத்தைந்து, ஹாட்யாய் தாண்டிக் கொஞ்சம். பயணத்துக்குத் தருகிற மூன்று நாள் பாஸ் தாராளம்.

நாலாம் நாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அக்கா நிற்காவிட்டால், ஆபீஸ் கிராணி அவள் பெயரை அரிசிப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவான். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி அந்த அரிசிதான்.

நல்ல பெட்டிகளில் எல்லாம் சிப்பாய்கள். எங்களுக்கு மாடு ஏற்றுகிற பெட்டி. முப்பதடித் தண்டவாளம், இணைப்புக்கு ஒரு தட்டு, மைலுக்கு நூற்று எழுபத்தாறு தட்டு. நான் தட்டை எண்ண, அக்கா கதவிடுக்கில் கட்டையை எண்ணினாள். ஜெராய் மலை பின்னால் போயிற்று, குருண் போயிற்று. இரண்டு கணக்கும் ஒத்துப்போகப் போக எனக்கு மண்டைக்கனம் ஏறியது.

அலோர் ஸ்டாரில் மரவள்ளிக்கிழங்கு வடை, ஒன்று இரண்டு டாலர், வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில். அங்கேதான் சாரோங் வியாபாரி மாணிக்கம் ஏறினார். இடுப்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டுச் சாரோங்.

"என்னண்ணே, உள்ள ஆளு இருக்கா, துணி மட்டுந்தானா?"

"சிரி தம்பி, சிரி. மூட்டையா இருந்தா ஜப்பான்காரன் அவுத்துப் பாப்பான். இடுப்புல இருந்தா அவனுக்கே வெக்கம் லா."

அக்கா சிரித்தாள். அவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"நூத்திருவத்தஞ்சாங் கட்டைக்குண்ணே. ஹாட்யாய் தாண்டி. தம்பிதான் கணக்குப் போட்டுச்சு."

அவர் வாய் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியது. "எங்கேர்ந்து எண்ணுன தம்பி?"

"சுங்கைப் பட்டாணியிலேர்ந்து."

"ஏன், சயாம்காரன் ஒங்க தோட்டத்து வாசல்லேர்ந்தா கல்லு நட்டான்? பேங்காக் போறதுக்குக் கொஞ்சம் முந்தி, ஆளுங்கள ஏத்திப்போயி போடுற புது லைன் பிரியுது. அங்கதான் மொதக் கட்டை. அதுவும் மைல் இல்ல, கிலோமீட்டர்."

நான் நம்பவில்லை. பாடாங் பெசாரில் வண்டி நின்றதும் குதித்து, சயாம் பக்கம் நடந்துபோய் முதல் கல்லைப் பார்த்தேன். பேங்காக்கிலிருந்து எண்ணி வந்த கல். தொள்ளாயிரத்துச் சொச்சம். நின்ற இடத்திலேயே மைலாக்கிக் கூட்டிப் பார்த்தேன்; இருமுறை கூட்டியும் அதே விடை.

"அக்கா, வீட்டுலேர்ந்து எழுநூறு மைலுக்கு மேல வருது."

"எத்தன நாளு?"

"நிக்காம போனா மூணு நாளு. நிக்காம போகாது."

"திரும்பி வர?"

நான் பாஸை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மாணிக்கம்தான் சொன்னார்: "தங்கச்சி, தெற்க போற வண்டி இப்ப கெளம்பும். புள்ளைங்களப் பாரு."

"அங்க அவருக்கு யாருண்ணே தண்ணி குடுப்பா?"

ஆள் சேர்க்க வந்தவன் தோட்டத்தில் "பக்கந்தான்" என்றுதான் சொன்னான். எத்தனை மைல் என்று அவன் ஒருவனுக்கும் சொல்லவில்லை. எழுநூறு மைல் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்த கணக்கில் ஒருவர்கூட இல்லை. அவன் சொல்லாததால்தான் ஊரில் இன்னும் பெண்கள் கட்டை எண்ணைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தெற்கே போகிற வண்டி எதிர்ப் பாதையில் ஊதிவிட்டது. நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். அக்கா பெட்டியை விட்டு இன்னும் இறங்கவில்லை.