முன்வண்டிக்காரர்

1892 மார்கழி ஏழாம் தேதி, இரவு பத்தரை மணி, கடும் பனி. மதுரை டாக்டரிடம் நெஞ்சைக் காட்டப் பெரியகுளத்தில் ஏலக்காய் வண்டியில் ஏறினேன். படுத்தால் மூச்சு முட்டும்; மூன்று வருஷமாகத் தூக்கமில்லை. மொத்தம் பதினோரு வண்டிகள். முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும். பின்னால் மாடுகள் தாமாகத் தொடரும், மற்ற பத்துப் பேரும் தூங்குவார்கள்.

நான் ஏறியது முன்வண்டி. அதை ஓட்டியவருக்குக் கால் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. அடிக்கடி உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"உமக்கும் இதே நோவா?" என்றேன்.

"ஆமாய்யா, படுத்தா அடைக்குது. தூங்காத பயன்னுதான் என்னைய முன்னால விட்டிருக்காக. பின்னால குறட்டையக் கேளுங்க, அம்புட்டும் என் தூக்கம்!" என்று சிரித்தார். "நான் முழிச்சிருக்கேன்ல, நீங்க சாஞ்சுக்கங்க."

அவர் முதுகோடு முதுகு சாய்த்தேன். தேவதானப்பட்டி தாண்டியது நினைவில்லை.

விடிந்து விழித்தபோது மாடுகள் நடந்துகொண்டிருந்தன. பின்னால் பத்து வண்டிகளும் வந்தன. அவர் கண் திறந்திருந்தது, கயிறு கையிலேயே இருந்தது, முதுகு சில்லிட்டிருந்தது. நான் சாய்ந்திருந்ததால்தான் அவர் சரியவில்லை.

எந்த ஊர் தாண்டிய பிறகு எங்களுக்காக யாரும் விழித்திருக்கவில்லை என்று இன்றும் இரவெல்லாம் கணக்குப் போடுகிறேன். அந்த ஒரு தூக்கத்துக்கு எனக்கு ஆன செலவு, வண்டிக்கூலி நாலணா.